எல்லை தாண்டும் யாத்திரை: புறப்படுமுன் கைக்கொள்ள வேண்டிய ஆவணங்கள்

நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் பரமபதமும் திருப்பாற்கடலும் நீங்கலாக, இம்மண்ணுலகில் நம்மால் சென்று சேவிக்கக் கூடியவை நூற்றாறு. அவற்றுள் ஒன்றே ஒன்று பாரத நாட்டின் எல்லைக்கு அப்பால், நேபாளத்தில் உள்ளது. அதுவே சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் மங்களாசாசனம் செய்த முக்திநாத். தேவாரப் பாடல் பெற்ற தலங்களிலோ மூன்று வெளியே நிற்கின்றன. இலங்கையில் திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும், சீன அரசின் ஆளுகைக்குட்பட்ட திபெத்தில் திருக்கயிலாயமும் ஆகியவையே அம்மூன்று. ஆழ்வார்களும் நாயன்மார்களும் பாடிய நாளில் இவற்றுக்கிடையே முத்திரை குத்தும் அதிகாரி எவரும் இருந்ததில்லை. இன்று இருக்கிறார். அவர் கேட்கும் காகிதம் நம் கையில் இல்லையெனில், வாழ்நாள் முழுதும் எண்ணியிருந்த தரிசனம் விமான நிலையக் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடும்.

பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, உடலில் வலு இருக்கும்போதே போய் வந்துவிட வேண்டும் என்று புறப்படும் பெரியோர்களுக்காகவே இதனை எழுதுகிறோம். இத்தகைய யாத்திரை பலருக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது. அடுத்த ஆண்டு பார்த்துக் கொள்ளலாம் என்று சொல்ல இளைஞர்களால் முடியும். எழுபதை நெருங்கியவர்களால் அவ்வளவு எளிதில் சொல்ல இயலாது.

ஆதார் போதும் என்பது அரை உண்மை

முதலில் முக்திநாத்தையே எடுத்துக் கொள்வோம். இன்று தமிழகத்துப் பெரியோர்கள் மிகுதியாகச் செல்லும் அயல்நாட்டுத் தலங்களில் அதுவும் ஒன்று. காத்மாண்டுவில் பசுபதிநாதரைத் தரிசித்து, பொக்காராவை அடைந்து, அங்கிருந்து சிறு விமானத்திலோ மலைப்பாதையிலோ ஜோம்சோம் சென்று, பின்னர் ஜீப்பில் ஏறினால் முக்திநாத். கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலான உயரம். நூற்றெட்டு நீர்த்தாரைகளில் நனைந்து எம்பெருமானைச் சேவிப்பது மரபு.

நேபாளம் செல்ல இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. 1950-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் காலத்திலிருந்து தொடரும் உறவின் பயன் இது. ஆனால் விசா வேண்டாம் என்பதற்கும் ஆவணம் வேண்டாம் என்பதற்கும் நெடுந்தூரம் உண்டு. பலர் தடுமாறுவது இங்கேதான்.

இந்தியாவிலிருந்து நேபாளத்துக்கு விமானத்தில் செல்பவர், செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டையோ, தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையையோ காட்ட வேண்டும். இது பொது விதி. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கும் மட்டும் இதில் சலுகை உண்டு. அவர்கள் தம் வயதையும் அடையாளத்தையும் உறுதிசெய்யும் புகைப்பட ஆவணம் ஒன்றைக் காட்டினால் போதும். பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், குடும்ப அட்டை போன்றவை இதற்கு ஏற்கப்பட்டு வந்தன. 2019-ஆம் ஆண்டில் ஆதார் அட்டையும் இவ்வரிசையில் சேர்க்கப்பட்டது. ஆதார் சேர்ந்த செய்தி பரவிய வேகத்தில், அது யாருக்கு மட்டும் என்ற பகுதி பரவவில்லை.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். சஷ்டியப்தபூர்த்தி முடிந்த கையோடு காசி, கயை, முக்திநாத் என்று தம்பதியாகப் புறப்படுவது நம் குடும்பங்களில் வழக்கம். கணவருக்கு அறுபது; மனைவிக்கு ஐம்பத்தைந்து அல்லது ஐம்பத்தாறு. இருவருமே சலுகை வயதை எட்டாதவர்கள். இருவர் கையிலும் ஆதார் மட்டுமே இருந்தால் இருவரும் விமானம் ஏற இயலாது. இதனினும் மனத்தைத் துன்புறுத்தும் நிலை ஒன்றுண்டு. கணவருக்கு அறுபத்தெட்டு, மனைவிக்கு அறுபத்திரண்டு என்று கொள்வோம். அவர் போகலாம், அவ்வம்மையார் போக முடியாது. மனைவியைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் முக்தித் தலத்துக்குச் செல்ல எந்தக் கணவருக்கு மனம் வரும்? பெட்டியின் அடியில் ஒரு வாக்காளர் அட்டை இருந்திருந்தால் நேராத துயரம் இது.

ஆகவே வயது எதுவாயினும் வாக்காளர் அட்டையின் அசலை எடுத்துச் செல்லுங்கள். நகலையோ, கைப்பேசியில் எடுத்த படத்தையோ நம்பிப் புறப்பட வேண்டாம். அட்டையிலுள்ள பெயரும் பயணச்சீட்டிலுள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். கோரக்பூர் வரை ரயிலில் சென்று சுனௌலி எல்லையைப் பேருந்தில் கடக்கும் குழுவினர், அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை என்று சொல்லக்கூடும். தரைவழியில் ஒருநாள் உள்ள சோதனை மறுநாள் இருப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் நம் யாத்திரை எந்த நாளில் அமையும் என்று யாரறிவார்?

வயது என்று நாம் சொல்வது ஆவணத்தில் உள்ள வயதை. ஆனி மாதம், அனுஷ நட்சத்திரம், இன்ன வருஷம் என்று தம் பிறப்பைத் துல்லியமாகச் சொல்லும் பெரியோர் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் இருப்பதோ அன்றைய தலைமையாசிரியர் வைத்த தேதி. ஜாதகப்படி அறுபத்தாறு நிரம்பியவர், அட்டையின்படி அறுபத்துநான்காக இருக்கலாம். எல்லையில் ஜாதகம் செல்லாது.

நேபாளத்தில் இன்னும் இரண்டு செய்திகள். முக்திநாத் அமைந்துள்ள மலைப்பகுதி அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியைச் சேர்ந்தது. அதற்குள் நுழையத் தனி அனுமதிச் சீட்டு பெற வேண்டும். புகைப்படம் சிலவும் அடையாள ஆவணத்தின் நகலும் கையில் இருந்தால் வழிகாட்டியே பெற்றுத் தந்துவிடுவார். அடுத்தது பணம். நூறு இந்திய ரூபாய்க்கு நூற்றறுபது நேபாள ரூபாய் என்பது நெடுங்காலமாக நிலைத்திருக்கும் மதிப்பு. 2018-ஆம் ஆண்டின் இறுதியில், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாள அரசு தடை செய்தது. இவ்விதி தளர்வதாக அவ்வப்போது செய்திகள் வருகின்றன. எனினும் நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொண்டு செல்பவருக்கு வழக்கு எதுவும் வருவதில்லை. பசுபதிநாதர் சந்நிதியில் மூலவரைப் பூசிக்கும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து சென்றவர்கள் என்பதைப் பலர் அறியார். அத்தனை தூரத்தில் தென்னாட்டு முகம் ஒன்றைக் கருவறையில் காண்பது தனி நிறைவு.

திருக்கயிலை: உடலும் காகிதமும்

முக்திநாத்துக்குச் சொன்ன சலுகைகளில் ஒன்றுகூடக் கயிலைக்குப் பொருந்தாது. அங்கே பாஸ்போர்ட்டும் வேண்டும், சீன விசாவும் வேண்டும், வயது வரம்பும் உண்டு.

இந்திய அரசின் வெளியுறவு அமைச்சகம் 1981 முதல் உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியாகவும், 2015 முதல் சிக்கிமின் நாதுலா வழியாகவும் இந்த யாத்திரையை நடத்தி வருகிறது. 2020-இல் நின்றுபோன யாத்திரை 2025-ஆம் ஆண்டு கோடையில் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு லிபுலேக் வழியே ஐந்து குழுக்கள், நாதுலா வழியே பத்துக் குழுக்கள். குழுவுக்கு ஐம்பது பேர். ஆக நாடு முழுவதற்கும் 750 இடங்களே. கணினிக் குலுக்கல் முறையில் தேர்வு. விண்ணப்பிப்பவர் அவ்வாண்டு ஜனவரி முதல் நாளில் பதினெட்டு வயதுக்குக் குறையாமலும் எழுபதைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். செப்டம்பர் முதல் நாளிலிருந்து இன்னும் ஆறு மாத காலமேனும் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீட்டெண் 25-க்கு மேற்படலாகாது. இந்தியப் பாஸ்போர்ட் உடையவர்களுக்கு மட்டுமே இவ்வழி திறந்திருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மகன், தாய் தந்தையரைத் தானே அழைத்துச் செல்ல விரும்பினாலும் இந்த அரசு யாத்திரையில் இடம் பெற முடியாது.

குலுக்கலில் பெயர் வந்தபின் டில்லியில் மருத்துவச் சோதனை நடைபெறும். அதில் தேறாதவர் அங்கிருந்தே திரும்ப வேண்டியதுதான். யாத்திரிகர்கள் கையெழுத்திட்டுத் தரும் பத்திரங்களுள் ஒன்று, வழியில் உயிர் பிரிய நேர்ந்தால் சீன எல்லைக்குள்ளேயே உடலைத் தகனம் செய்யச் சம்மதம் தெரிவிப்பது. இதனைப் படித்துவிட்டு வீட்டில் உள்ளவர்கள் கலங்குவது இயல்பு. ஆயினும், கையெழுத்திடுவதற்கு முன்பே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் அமர்ந்து இதைப் பேசிவிடுவது நன்று. டில்லியில், முன்பின் அறியாதவர் நடுவே, அவசரத்தில் எதிர்கொள்ள வேண்டிய தாள் அன்று அது.

அரசு வழியில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் யாத்திரை நிறுவனங்கள் மூலம் காத்மாண்டு வழியே செல்கின்றனர். இங்கே கிடைப்பது குழு விசா. ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டிலும் முத்திரை இராது. குழுவிலுள்ள அனைவருடைய பெயரும் எழுதப்பட்ட ஒரே தாள்தான் விசா. திபெத்துக்குள் நுழையத் தனி அனுமதியும் அதனோடு சேரும். குழுவாக நுழைந்தவர்கள் குழுவாகவே வெளிவர வேண்டும் என்பது இதன் அடிப்படை. இதன் பொருளை முதியோர் நன்கு உணர வேண்டும். மானசரோவரம் ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. பரிக்ரமையில் வரும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். அவ்வுயரத்தில் மூச்சுத் திணறி ஒருவர் முன்கூட்டியே திரும்ப நேர்ந்தால், ஒரே தாளிலுள்ள விசாவிலிருந்து அவர் பெயரைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு நேரமும் செலவும் ஆகும். முன்பணம் கட்டுமுன் நிறுவனத்தாரிடம், இடையில் ஒருவர் திரும்ப நேர்ந்தால் என்ன ஏற்பாடு, செலவு யாருடையது, உடன் வருபவர் யார் என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். இதற்கு மழுப்பலாக விடை சொல்பவரோடு செல்லாதீர்கள்.

ஏற்கெனவே சீன விசா பெற்று வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். குழு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தனி விசா ரத்தாகிவிடும். வணிக நிமித்தம் சீனா சென்றுவரும் மகன் தந்தையோடு கயிலைக்கு வருவதாயின் இதனை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

குழு விசாவுக்காக அசல் பாஸ்போர்ட்டைக் காத்மாண்டுவில் ஒப்படைக்க வேண்டியிருக்கும்; அதில் அஞ்சத்தக்கது ஏதுமில்லை. கொடுக்குமுன் முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நகலெடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றை ஊரில் பிள்ளைகளிடமும் வைத்துவிடுங்கள். வழியும் நாம் நினைத்தபடியே இருக்கும் என்பதற்கில்லை. 2025 ஜூலையில் நேபாள, சீன எல்லையில் ரசுவாகடிப் பாலமே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. யாத்திரை நின்றால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதும் முன்பே கேட்கத்தக்க கேள்விதான். அதுபோலவே பயணக் காப்பீடு எடுக்கும்போது, எந்த உயரம் வரை அது செல்லும், ஹெலிகாப்டரில் மீட்கும் செலவு அடங்குமா, முன்பே உள்ள சர்க்கரை நோயும் இருதய நோயும் விலக்கப்பட்டுள்ளனவா என்ற மூன்றையும் படித்தறிய வேண்டும்.

எழுபதைக் கடந்துவிட்டோமே என்று வருந்தும் பெரியோர் உண்டு. திருநாவுக்கரசர் கால்கள் தேய, கைகள் தேய, உடலை உருட்டியே கயிலை நோக்கிச் சென்றவர். அவருக்கும் அவ்வழி முடியவில்லை. ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. ஆடி அமாவாசையன்று திருவையாற்றுக்குத் திரளும் கூட்டம் அதனை இன்றும் நினைவிற் கொண்டுதான் வருகிறது. மலையையே கண்ணாரக் காண வேண்டும் என்போருக்கும் வழியில்லாமல் இல்லை. உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில், பழைய லிபுலேக் அருகே, நம் நாட்டு மண்ணில் நின்றே கயிலையைக் காணும் இடம் ஒன்று 2024-இல் திறக்கப்பட்டது. அதற்கும், அப்பகுதியிலுள்ள ஆதி கயிலாயத்துக்கும் பாஸ்போர்ட் வேண்டாம். எல்லைப் பகுதிக்கான உள்நாட்டு அனுமதிச் சீட்டு மட்டும் போதும். ஆனால் உயரம் அங்கும் உயரமே. மருத்துவரைக் கேட்காமல் செல்லலாகாது.

ஈழத்துத் தலங்களும் கிழக்கு நாடுகளும்

இலங்கைக்கு வயது எதுவானாலும் பாஸ்போர்ட் வேண்டும். அதனோடு இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியையும் புறப்படுமுன் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். சுற்றுலாவாகச் செல்பவருக்கு முப்பது நாள் தங்க அனுமதி கிடைக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளிலேயே பார்த்துக்கொள்வது முறை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் சேவை தொடங்கியபின், கப்பல்தானே, கெடுபிடி இராது என்று சிலர் எண்ணுகின்றனர். விமானத்துக்கு என்னென்ன வேண்டுமோ அவை யாவும் கப்பலுக்கும் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சேவை நிறுத்தப்படுவதும் உண்டு. நல்லூர்க் கந்தனையும் கீரிமலை நகுலேச்சரத்தையும் தரிசிப்போருக்கு இது அருகான வழி. கேதீச்சரம், கோணேச்சரம், கதிர்காமம் மூன்றையும் ஒரே பயணத்தில் முடிக்க விரும்புவோர் கொழும்பு விமானத்தையே நாடலாம்.

பத்துமலைக்குச் செல்வோருக்கு மலேசிய அரசு 2023 டிசம்பர் முதல் விசா விலக்கு அளித்துள்ளது. 2026 இறுதி வரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆயினும் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசாவும் வேண்டும், வருகை அட்டையும் வேண்டும். இரு நாடுகளிலும் இவ்வட்டைக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவாயினும் அது அரசினுடையது அன்று என்று உடனே அறிந்துகொள்ளலாம்.

அபுதாபியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலயத்தைக் காண, வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோரை அழைக்கின்றனர். இங்கே நம்மவர்க்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். பழைய பாஸ்போர்ட்டுகள் சிலவற்றில் சொந்தப் பெயர் ஒரு கட்டத்தில் இருக்க, மற்றொரு கட்டம் வெறுமையாகக் கிடக்கும். இத்தகைய ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுகளை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பின்னர் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் பிற்பக்கத்தில் இருப்போருக்குச் சிறிது இடம் கொடுத்தது. புதுப்பிக்கும் வேளையிலேயே முதலெழுத்தை விரித்து முழுப்பெயராகப் பதிவு செய்துவிடுவதே நல்லது. வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு ஆவணத்தில் தந்தை பெயரும் மற்றொன்றில் கணவர் பெயரும் இருப்பது வழக்கம். பயணச்சீட்டு, விசா, காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே எழுதப்பட வேண்டும்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள்

பிறப்புச் சான்றிதழே இல்லையே, எங்களுக்கு யார் பாஸ்போர்ட் தருவார்கள் என்று கேட்கும் மூத்தோர் இன்னும் இருக்கின்றனர். பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கே. மற்றவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், அரசு ஊழியராயின் ஓய்வூதிய ஆணை இவற்றுள் ஒன்றே பிறந்த தேதிக்குச் சான்றாகும். அறுபது வயதைக் கடந்தோர் புதிதாக விண்ணப்பிக்கும்போது கட்டணத்தில் பத்து விழுக்காடு குறைவு. தலைமை அஞ்சலகங்கள் பலவற்றிலேயே இச்சேவை இருப்பதால் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. காவல்துறை விசாரணைக்கும் காலம் விட்டு, யாத்திரைக்கு நான்கைந்து மாதம் முன்பே தொடங்குவது உசிதம்.

விசா என்பது வாயில்வரை வர இசைவு; உள்ளே விடுவது குடியேற்ற அதிகாரியின் கையில். எதற்கு வந்தீர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர் என்று அவர் கேட்பார். ஆலய தரிசனம், இத்தனை நாள், இன்ன விடுதி என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். திரும்பும் பயணச்சீட்டையும் விடுதி முகவரியையும் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். கைப்பேசியைத் திறக்கத் தடுமாறும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பதற்றம் பிறக்கிறது.

பூஜைப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்தில் கொண்டுசெல்ல விலக்கப்பட்டவை. கைப்பை, பெரிய பெட்டி இரண்டிலும் வைக்கலாகாது. சென்ற இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப்பொருளோடு சேர்த்து எண்ணப்படுவது. மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் எடுத்துச் செல்லாதீர்கள். தாம்பூலம் தரித்துப் பழகியவர்கள் அமீரகம் செல்லும்போது வெற்றிலையை இங்கேயே விட்டுச் செல்ல வேண்டும். மருந்துகளை அவற்றின் உறையோடும் மருத்துவரின் சீட்டோடும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மானசரோவரத் தீர்த்தமோ முக்திநாத் தீர்த்தமோ கொண்டுவருபவர்கள், நன்கு மூடிய பாத்திரத்தில் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும். நூறு மில்லிக்கு மேற்பட்ட கலத்தில் உள்ள எந்த நீரும் கைப்பையில் இருந்தால் சோதனைச் சாவடியிலேயே எடுத்து வைக்கப்பட்டுவிடும்.